எல்லைக்கல்லைத் தேடிய பலகை

“ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு முன்னால கல்லக் காட்டு. அது மணல் திட்டுக்கு வடக்க நின்னா, திட்டு உங்களுது. காட்டலன்னா எங்களுது. அதுக்கப்புறம் பேச்சு கெடையாது, பூங்கா.”

தோணியில் கழியை ஊன்றி நின்றபடி தேசிங்கு இதைச் சொன்னபோது, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கீழ்த்துறைக் குப்பத்து ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்தொன்பது வயதுப் பூங்காவனம் மட்டும் குனியவில்லை. “காட்டுறேன் மாமா” என்றாள். அன்று புதன்கிழமை.

அந்த உப்பு ஏரியில் இரண்டு குப்பங்கள். தெற்கே கீழ்த்துறை, வடக்கே தேசிங்கின் ஓடைக்கரை. தெற்கு முனையில் கலங்கரை விளக்கம். வடக்கு முனையில் பள்ளிவாசல் மினாரா. இரண்டுக்கும் நடுவே மனதுக்குள் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் மேல் ஓரிடத்தில் ஆள் உயரக் கருங்கல் ஒன்று பல காலமாக நின்றிருந்தது. உச்சியில் மீன் செதுக்கிய கல். அதற்குத் தெற்கே உள்ள தண்ணீர் கீழ்த்துறைக்கு, வடக்கே உள்ளது ஓடைக்கரைக்கு.

நான்கு வருடங்களுக்கு முன் வந்த புயலில் கல் காணாமல் போயிற்று. அதே புயல் ஏரியின் நடுவே புதிதாக ஒரு மணல் திட்டை எழுப்பிவிட்டது. திட்டு நிறைய மட்டிச் சிப்பி. கல் இருந்த இடம் திட்டுக்குத் தெற்கா, வடக்கா? யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. சண்டை வேண்டாமென்று இரண்டு ஊர்ப் பெண்களும் திட்டில் இறங்காமலே இருந்தார்கள். பூங்காவின் அம்மா கன்னியம்மா, வீங்கிய முழங்காலோடு தினமும் முகத்துவாரம் வரை நடந்து மட்டி பொறுக்கிவிட்டு, பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினாள். வீட்டு வாசலில் நின்றால் திட்டு கண்ணுக்குத் தெரியும். அதுதான் பூங்காவால் பொறுக்க முடியாதது.

தேடுவதற்கு நல்ல நாள்களும் அடுத்த மூன்று நாள்கள்தான். தைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாளும் காலையில் கடல் ஏறும்போது தெளிந்த நீர் தெற்கே உள்ள முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். பத்து மணிக்குக் காற்று எழும்பும்வரை அடிமண் தெரியும். ஆனால் எதில் போய்த் தேடுவது? எஞ்சின் வைத்த படகு அந்த ஆழத்தில் தரை தட்டும். நடந்தால் தொடைவரை சேற்றில் புதையும். தோணியைக் கழியால் தள்ளினால் ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு குடம் சேறு கிளம்பும்.

பூங்கா வேலை செய்த இடத்தில் அதற்கு வழி இருந்தது. ஏரிக்கரையில் இளம்பரிதி என்பவர் சுற்றுலா வருகிறவர்களுக்குத் துடுப்புப் பலகை வாடகைக்கு விடுகிறார். நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை. உள்ளங்கை ஆழத் தண்ணீரிலும் மிதக்கும். நின்று பார்ப்பதால் அடிமண் நேராகக் கண்ணில் படும். அகலமான பலகை ஒன்றை அவர் மூன்று நாளைக்குக் கொடுக்கச் சம்மதித்தார். கை சோராமலிருக்க, புதிதாக வந்திருந்த இரண்டு மின்மோட்டார்களில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றுதான், மற்றது கடைக்கு வேண்டும் என்றார்.

துணைக்கு வந்தவள் நிலோபர். ஊருக்குள் பேட்டரிக் கடை வைத்திருப்பவரின் மகள், பூங்காவின் சிநேகிதி. இருவரும் மோட்டார்களைக் கரையில் கிடத்திப் பார்த்தார்கள். பெரியது பலகையின் வாலில் இறுக்கிப் பூட்டுவது. நீண்ட தண்டு, முழ அகல விசிறி, தூக்கமுடியாத பேட்டரி. சின்னது துடுப்பின் நுனியில் மாட்டுவது. கூண்டுக்குள் கைப்பிடி அளவு விசிறி.

“இதுல சட்னிதான் அரைக்கலாம்” என்றாள் பூங்கா.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய மோட்டார் பூட்டிய பலகை, கரையோரம் போன ஒரு மீன்படகை முந்தியது. கரையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். சின்னதைப் பூட்டியபோது ஒரு வாத்துக்கூட்டம் அவர்களை முந்திப் போயிற்று. மீன்பிடிக்கிற ஊரில் எஞ்சின் என்றால் இழுவைதான் கேட்பார்கள். யாருக்கும் இரண்டாவது யோசனை வரவில்லை; பெரியதையே எடுத்துக்கொண்டார்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு இருவரும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பூங்கா முன்னால் நின்றாள். நிலோபர் பின்னால் மண்டியிட்டு மோட்டாரைப் பிடித்தாள். இரு ஊர்ச் சம்மதப்படி சாட்சியாகத் தேசிங்கு தன் தோணியில் தூரத்தில் தொடர்ந்தார். கலங்கரை விளக்கம் முதுகுக்கு நேரே, மினாரா மூக்குக்கு நேரே. கோடு பிசகவில்லை. பலகை சீறிப் பாய்ந்தது.

அடிமண் மட்டும் தெரியவில்லை.

விசிறி சேற்றை வாரி இறைத்தது. திரும்பிவந்து பார்த்தால் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. வேகத்தைக் குறைத்தார்கள். குறைந்த வேகத்திலும் விசிறி தரைக்கு ஒரு சாண் மேலேதான் சுற்றியது. பேட்டரிக் கனத்தில் வால் வேறு அமிழ்ந்திருந்தது. வெள்ளிக்கிழமையும் இதே கதை. தேசிங்கு தோணியில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தபடி, ஏரியை உழுது முடித்ததும் நாற்று நடலாமா என்று விசாரித்தார். நிலோபர் அவரைப் பார்த்து முறைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு இருவரும் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள். பலகை நீரோட்டத்தோடு மெல்ல வடக்கே மிதந்தது. அவர்கள் கலக்கிய சேறு பக்கவாட்டில் விலகியது. பூங்கா தற்செயலாகக் கீழே பார்த்தாள். ஒரு நண்டு பக்கமாக ஓடுவது தெரிந்தது. மணலில் வரி வரியாகச் சுருக்கம் தெரிந்தது. தன் நிழலே தெரிந்தது. அதற்குள் பலகை கடந்துபோய்விட்டது.

“நிலோ, நமக்கு ஓடுற மோட்டாரே வேணாம்டி” என்றாள். “நிக்கிற மோட்டார் வேணும்.”

நிலோபருக்குப் புரிந்தது. உள்ளே வருகிற கடலோட்டத்துக்கு எதிராக மூக்கைத் திருப்பி, ஓட்டம் தள்ளுகிற அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் பலகை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். எறும்பு வேகத்தில் பின்னோக்கி நழுவும். தெளிந்த நீர் முன்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். அதற்குச் சட்னி மோட்டாரே போதும். துடுப்பு நுனியில் இருப்பதால், கையாலேயே நீர்மட்டத்தை ஒட்டித் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம்.

கடையில் இளம்பரிதி சிரிக்காமல் மோட்டாரை மாற்றிக் கொடுத்தார். முழு வேகத்தில் அதன் பேட்டரி நாற்பது நிமிடம்தான் தாங்கும் என்று எச்சரித்தார். வேகத்தைப் பாதியாக்கினால் கரண்ட் செலவு பாதிக்கும் கீழே, ரொம்பக் கீழே இறங்கிவிடும் என்றாள் நிலோபர். இரண்டு மணி நேரம் நிச்சயம். வாப்பாவின் கடையில் பேட்டரி பார்த்து வளர்ந்தவள் அவள்.

சனிக்கிழமை. கடைசி நாள். சார்ஜை மிச்சம் பிடிக்க இருவரும் கையால் துடுப்புப் போட்டே கோட்டின் தெற்கு முனைக்குப் போனார்கள். எட்டு மணிக்கு நிலோபர் மோட்டார் சுவிட்சைத் தட்டினாள். கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம். பலகை தயங்கி நின்றது. பிறகு பின்னோக்கி நழுவத் தொடங்கியது.

அடிமண் கண்ணாடிக்குள் வைத்த படம்போல விரிந்தது. கிளிஞ்சல், அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு, படுத்திருந்த திருக்கை மீன். பூங்கா கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் கோட்டின் தெற்குப் பகுதியில் முக்கால் பங்கு முடிந்தது. பேட்டரியில் நான்கு விளக்குகளில் இரண்டு அணைந்திருந்தன. கை இரண்டும் விரித்த அளவில் திட்டுக்கு இன்னும் ஐம்பது பாகம் இருந்தது.

அப்போது பூங்கா அதைப் பார்த்தாள். கறுப்பாக, சதுரமாக, மண்ணில் பாதி புதைந்து ஒரு கல். அதன் மேல் செதுக்கிய மீன்.

கல் கிடைத்துவிட்டது. ஆனால் திட்டுக்குத் தெற்கே கிடைத்திருக்கிறது. எல்லை இதுதான் என்றால் திட்டு முழுவதும் ஓடைக்கரைக்கு.

நிலோபரும் எட்டிப் பார்த்தாள். தேசிங்கின் தோணி நூறு அடி தள்ளி இருந்தது. சேறு கலங்கக் கூடாதென்று அவர் கிட்டே வருவதில்லை.

“அவருக்குத் தெரியாது பூங்கா” என்று முணுமுணுத்தாள் நிலோபர். “அப்படியே நழுவிப் போயிடலாம். கல் கிடைக்கலன்னு சொல்லி, கூட்டத்துல இன்னொரு வருஷம் தவணை கேக்கலாம். காட்டிட்டா அதுவும் போச்சு.”

கல்லைக் காட்டுகிறேன் என்றுதான் பூங்கா வாக்குக் கொடுத்திருந்தாள். தனக்குப் பிடித்த இடத்தில் கிடைத்தால் மட்டும் காட்டுகிறேன் என்று கொடுக்கவில்லை. கையை உயர்த்தினாள்.

“மாமா, இங்க வா. கல்லு இருக்குது.”

தேசிங்கு வந்தார். பார்த்தார். வேர்க்கடலையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். மூச்சடக்கிக் குனிந்து கல்லை நாலாபுறமும் தடவினார். நிமிர்ந்தபோது அவர் கையில் நைலான் கயிறு ஒன்று இருந்தது. கல்லைச் சுற்றி இறுகியிருந்த வலைக்கயிறு.

அவர் நினைத்திருந்தால் அத்தோடு ஊருக்குத் திரும்பியிருக்கலாம்.

“பூங்கா, இது முழுக் கல்லு இல்ல” என்றார். “தலை மட்டுந்தான். கீழ ஒடைஞ்சிருக்குது. எவன் வலையோ மாட்டி இங்க இழுத்தாந்து போட்டுக்கீது. நட்ட காலு வேற எங்கயோ நிக்குது. நீ கூப்பிட்டுக் காட்டினியே, அதால சொல்றேன். போய்த் தேடு.”

மணி ஒன்பது நாற்பது. விளக்கு ஒன்றுதான் எரிந்தது. இருவரும் பலகையைத் திட்டைச் சுற்றித் துடுப்பால் தள்ளிக்கொண்டு வடக்குப் பக்கம் போய், மறுபடி கோட்டில் நிறுத்தினார்கள். நிலோபர் மோட்டாரைத் தட்டினாள். பின்னோக்கி ஐந்து பாகம், பத்து பாகம். வெறும் மணல்.

அதற்குள் காற்று வந்துவிட்டது. ஏரி முழுக்கச் சிற்றலை பரவியது. அடிமண் கலைந்து கலைந்து தெரிந்தது, பிறகு தெரியவே இல்லை. நிலோபர் திரும்பிவிடலாமா என்று கேட்டாள். கடைசி விளக்கு மினுக்கத் தொடங்கியது.

“அசையாம பிடிடி, கொஞ்ச நேரம்” என்றாள் பூங்கா.

நிலோபர் ஓட்டத்துக்குச் சரியாக மோட்டாரைக் கூட்டினாள். பலகை ஆணி அடித்ததுபோல நின்றது. பூங்கா இப்போது அடிமண்ணைப் பார்க்கவில்லை. தண்ணீரின் மேல்தோலைப் பார்த்தாள். காற்று கிளப்பிய சிற்றலைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் ஓடவில்லை. பலகையின் வாலுக்குப் பின்னால் இரண்டு பாக தூரத்தில், ஒரு சின்னச் சுருக்கம் அங்கேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ ஒன்று ஓட்டத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஓடுகிற பலகையிலிருந்து பார்த்திருந்தால் எல்லா அலையும் ஓடுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

மோட்டார் நின்றுபோனது. பலகை வழுக்கி அந்தச் சுருக்கத்தின் பக்கம் போனது. பூங்கா குதித்தாள். சேறு முழங்காலை விழுங்கியது. கை நீட்டித் துழாவினாள். வழவழப்பாக, குளிர்ந்து, இடுப்பு உயரத்துக்குச் செங்குத்தாக நின்ற கருங்கல். அதன் உச்சி கரடுமுரடாக உடைந்திருந்தது. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிலோபர் அழுதுகொண்டே சிரித்தாள்.

தேசிங்கும் வந்து காலால் அமுக்கிப் பார்த்தார். திட்டின் வடக்கு விளிம்பிலிருந்து பன்னிரண்டு பாகம் தள்ளி என்று வாய்விட்டு அளந்தார். பிறகு தன் கழியைக் கல்லின் பக்கத்தில் ஊன்றி, உச்சியில் தலைத்துண்டைக் கட்டினார். சிவப்புத் துண்டு காற்றில் படபடத்தது. கழி இல்லாமல் தோணியை எப்படி ஓட்டுவார் என்று நிலோபர் கேட்டாள். இழுத்துக்கொண்டு போகத்தான் சட்னி மோட்டார் இருக்கிறதே என்றார். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றார்கள். கடைசியில் மூவரும் இரண்டு துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு, பலகைக்குப் பின்னால் தோணியைக் கட்டிக்கொண்டு கீழ்த்துறைக் கரைக்கு வந்தார்கள். சிவப்புத் துண்டைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட ஊர், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று அவர்களை வரவேற்றது.

ஞாயிறு கூட்டத்தில் பூங்காவுக்கு வேலையே இல்லை. கல் நின்ற இடத்தைத் தேசிங்கே சொன்னார். ஓடைக்கரையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தன் கழி அங்கே இருக்கிறது, சந்தேகம் இருப்பவர்கள் போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்றார். திட்டு கீழ்த்துறைக்கு என்று கூட்டம் முடிந்தது. தலைக்கல்லைத் தூக்கிவந்து காலோடு சேர்த்துப் பூசுவதற்கு இரண்டு ஊரும் ஆள் அனுப்பின.

இளம்பரிதியின் கடைக்கு வருகிறவர்கள் இப்போதும் எந்த மோட்டார் வேகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தண்ணீரில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பூங்கா அவர்களைத் திருப்பிக் கேட்கிறாள். எதை எடுப்பது என்பது அதற்கு அப்புறம்தான். இந்தச் சின்ன விஷயம் அவளுக்கும் நிலோபருக்கும் இரண்டு நாள் சேறு கலக்கிய பிறகுதான் தெரிந்தது.

திங்கள்கிழமை விடிந்ததும் கன்னியம்மா கூடையோடு திட்டுக்குப் போனாள். ஒன்பது மணிக்கெல்லாம் கூடை நிறைந்து திரும்பிவிட்டாள். மட்டியை அலசி அடுப்பில் ஏற்றியும் வெயில் முற்றத்தைத் தாண்டவில்லை. இவ்வளவு பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அவள் காலை நீட்டி உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள்.

“வா மே, தலைய வாரி விடறேன். எத்தினி நாளாச்சு.”