கன்னத்துக்கு ஒரு சிட்டிகை

காலை ஆறரை மணிக்குக் கோயம்புத்தூரே கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் நஞ்சாகிப் போனபின் வெறுங்கண்ணால் பார்க்கும் காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லோர் கண்ணிலும் ஒரு செயற்கை விழித்திரை. பழைய கம்ப்யூட்டர் மானிட்டரை அரிசி அளவுக்குச் சுருக்கிக் கண்ணுக்குள் வைத்த மாதிரி. என்ன வைத்து என்ன, தூங்கி எழுந்தால் அதன் நிறங்கள் தடுமாறிவிடும். நிறமானியைக் கண்ணருகே பிடித்து அளந்து, அவரவருக்கென்று செய்த, நிறங்களைச் சரிசெய்யும் நிறக்கோப்பு ஒன்றை ஏற்றினால்தான் தக்காளி தக்காளியாகத் தெரியும்.

பொற்கொடிக்கு அதுதான் தொழில். தெருவுக்கே அளக்கிறவள், கணவன் இளம்பரிதிக்கு மட்டும் காபிக்கு முன்பே அளந்துவிடுவாள். அன்று நிறமானியை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே இருந்தது அவள் செய்த கோப்பு இல்லை. செய்தவர் பெயர் சாருமதி என்று இருந்தது.

"ஏனுங்க, யாருங்க இந்தச் சாருமதி?"

"காந்திபுரத்துல கடை வெச்சிருக்காங்க. நேத்து அந்தப் பக்கம் போனேன், சும்மா..."

"சும்மாவா? வீட்டுல ஒருத்தி இதே பொழப்பா இருக்கறேன், நீங்க ஊராருகிட்டப் போய்க் கண்ணக் காட்டுவீங்களா?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். நிறமானி பிடிக்க முகத்தோடு முகம் எவ்வளவு நெருங்க வேண்டும் என்று பொற்கொடிக்கா தெரியாது? அப்படி என்னத்தைக் கிழித்துவிட்டாள் என்று சாருமதியின் கோப்பை மேசைத்திரையில் விரித்தாள். பூச்சு இல்லை, மினுக்கு இல்லை. அடியில் ஒரு குறிப்பு: 'பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக அளந்தேன். வேறெதுவும் செய்யவில்லை.'

அந்தப் பழைய கோப்பு பொற்கொடியின் திருட்டுத்தனம். ஆறு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுக்காரியை அவன் ஒரு பார்வை அதிகமாகப் பார்த்துவிட்டான். அன்றே தன் கன்னத்தை அளந்து, அந்த நிறத்துக்கு மட்டும் ஒரு சிட்டிகை கூட்டினாள். மற்றவற்றில் ஒரு சிட்டிகை குறைத்தாள். அதன் பிறகு தினமும் அப்படியே. ஒவ்வொரு நாள் கோப்பும் முந்தின நாள் கோப்பின் மேல்தான் ஏறும் என்பதை, ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிற அவள், தன் வீட்டில் மறந்துபோனாள்.

இப்போது அந்தக் கோப்பின் வழியே அவன் கண்ணுக்கு வீடு எப்படித் தெரிந்திருக்கும் என்று திரையில் விரித்துப் பார்த்தாள். சன்னல், செடி, சுவரிலிருந்த கல்யாணப் படம், எல்லாம் சாம்பலாகத் தெரிந்தன. படத்தில் அவள் முகம் மட்டும் கூசுகிற வெளிச்சத்தில் இருந்தது.

"சொல்லீர்றேன் புள்ள." இளம்பரிதி ஈரத்தலையோடு வாசலில் நின்றான். "எனக்குக் கண்ணு போகுதுன்னு நெனச்சேன். சோத்துல ஊத்துன கொழம்புகூடச் சாம்பலாட்ட இருந்துச்சு. உன்ற மொகம் மட்டுந்தான் தெரிஞ்சுது. முழுசாப் போறவரைக்கும் அதையாவது பாத்துக்கலாம், உன்னையும் எதுக்குப் பயமுறுத்தோணும்னு சொல்லுல."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"கண்ணு நல்லா இருக்குதுன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லுல."

இது யார் வேலை என்று சாருமதிக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கோப்பைப் பார்த்த எவளுக்கும் தெரியும். காட்டிக் கொடுக்காமல் விட்டாளே என்ற அவமானம் பொற்கொடியைப் பிடுங்கித் தின்றது.

"உங்க கண்ணக் கெடுத்தது நாந்தானுங்க," என்று எல்லாவற்றையும் கொட்டி அழுதாள்.

அவன் கிட்டே வந்து அவள் கன்னத்தை விரலால் தொட்டான்.

"நேத்தே கேக்கோணும்னு இருந்தேன். இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"நாலு வருசமாச்சுங்க."

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கூசுகிற வெளிச்சத்தில் மறைந்திருந்த நாலு வருடத்து மச்சத்தை அவனுக்குக் காட்ட இன்னொருத்தி வர வேண்டியிருந்தது. அழுகைக்கு நடுவிலும் பொற்கொடிக்குச் சாருமதியின் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.