ஒன்றரை நாள் சோளம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வனத்துறைச் சாவடியின் மூங்கில் தடையைத் தாண்டி மூன்று பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். எங்கே போகிறோம் என்று மூவருக்குமே சரியாகத் தெரியாது.

முன்னால் போனவர் சடையன். பளியர் குடியைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர். கரடியையும் யானையையும் அவை போட்டுவிட்டுப் போன எச்சத்தை வைத்தே இருபது வருடமாகத் தேடிப் பழகியவர். நடுவில் தவமணி, கம்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். கடைசியாக இதாயத். நடந்ததில் பாதிக்கு அவன்தான் காரணம். அது அவனுக்கும் தெரியும்.

தேடுவது தவமணியின் தம்பி சுருளிவேலை. பழைய பேப்பர் கடையில் அவனுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. கைவிடப்பட்ட ஒரு எஸ்டேட், அதன் துரை குகைக்குள் பூட்டி வைத்த பெட்டி, போகும் வழி. மூன்று கல் ஊற்று, ஓடை பிரியும் இடம், ஆனைத்தலைப் பாறை, பாறைக்கு அப்பால் குகை. அவனும் இதாயத்தும் சேர்ந்து போவதாகத் திட்டம். சாவடி வரை வந்த இதாயத், அட்டைப்பூச்சியைப் பார்த்ததும் திரும்பிவிட்டான். சுருளிவேல் தனியாகப் போனான். அது வியாழக்கிழமை. வெள்ளி இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றவன் வரவில்லை.

இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரு நாள் தாமதமானால் ஊர் பயப்படாது. ஆனால் சுருளிவேலுக்கு வலிப்பு நோய். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. கையில் எடுத்துப் போனது இரண்டே இரண்டு. வெள்ளிக்கிழமை காலையோடு அவை முடிந்திருக்கும். மீதி மாத்திரை அட்டை தவமணியின் பையில் இருந்தது.

வனத்துறை ஜீப் மலையைச் சுற்றி கேரளப் பக்கம் தேடப் போயிருந்தது. இந்தப் பக்கம் இந்த மூன்று பேர்தான்.

நூறு அடி போனதும் சடையன் நின்றார்.

"பய என்ன தின்னான்?"

"எதுக்குண்ணே?" என்றாள் தவமணி.

"கரடியத் தேடுனா என்ன பழம் பழுத்திருக்குன்னு பாப்பேன். இவனுக்கு என்னத்தப் பாக்க?"

இதாயத் சொன்னான். "வியாழக்கெழம மத்தியானம் மக்காச்சோளக் கருது. அவிச்சது, நாலு. சாவடிக்கிட்ட உக்காந்து நாலையும் அவனே தின்னான். எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல. அப்புறத்துக்கு அவலும் கடலமிட்டாயும் கட்டிக் குடுத்தேன்."

"அதுக்கு முந்தி?"

"புதன்கெழம ராத்திரி பீட்ரூட் பொரியல் வச்சேன்" என்றாள் தவமணி. "சட்டியோட காலி."

சடையன் தலையாட்டிவிட்டு நடந்தார்.

வெள்ளி மாலை பெய்த மழை தடங்களையெல்லாம் கழுவியிருந்தது. பாதை என்று எதுவும் இல்லை. லாண்டானா புதர் முகத்தைக் கிழித்தது. இதாயத் பத்தடிக்கு ஒருமுறை குனிந்து காலில் அட்டை தேடினான். பத்து மணிக்கு மூன்று கல் ஊற்றுக்கு வந்தார்கள். குடைபோல் நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கு அடியில் சாம்பல் கிடந்தது. சுருளிவேல் வியாழன் இரவு தங்கிய இடம் அது. ஓரத்தில் சாம்பலை அள்ளிப்போட்டு எதையோ மூடியிருந்தான். சடையன் குச்சியால் கிளறினார்.

"யக்கா, ரத்தம்" என்று பின்வாங்கினான் இதாயத்.

தவமணி உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு அருவருப்பு எப்போதோ போய்விட்டது. "ரத்தமில்ல. பீட்ரூட். அந்தச் சாயம் சில பேருக்கு உள்ள கரையாம அப்படியே வந்துரும்."

"புதன் ராத்திரி தின்னது வியாழன் காலையில வீட்டுலயே போயிருக்கணுமே" என்றார் சடையன்.

"வியாழன் அவன் போகல. எங்க வீட்டுல இருக்கிறது ஒரே பாத்ரூம்ணே. அன்னிக்குத்தான் நான் கதவத் தட்டாம குளிச்சேன்."

"ஆறுன சாம்பலப் போட்டு மூடியிருக்கான். அப்ப வெள்ளி விடியகாலம்." சடையனுக்குக் கணக்கு சரியாக விழவில்லை. "இம்புட்டு நேரமா உள்ள கிடக்கும்?"

ஆளைத் தேடுவதா, இதை ஆராய்வதா என்று தவமணிக்கு எரிச்சல் வந்தது. கிளம்பினார்கள்.

ஓடை பிரியும் இடத்தை அடைந்தபோது மணி ஒன்று. இடது கிளை கீழே பள்ளத்துக்குள் சரிந்தது. வலது கிளையை ஒட்டி ஏறினால் ஆனைத்தலைப் பாறை. மூன்று மணி நேர ஏற்றம். மேற்கே மேகம் கறுத்திருந்தது. பாறை இடுக்கில் மழை படாத மண்ணில் ஒரே ஒரு ஷூ தடம், மேல் நோக்கி. அதற்கு நாலடி தள்ளி அவன் போய்விட்டு மூடாமல் விட்டது. அதில் மஞ்சளாக, முழுசு முழுசாகச் சோளத் தோல்.

சடையன் குனிந்து பார்த்தார்.

"எனக்குப் புரியல, தாயி. கரடி சாயங்காலம் பழம் தின்னா விடியறதுக்குள்ள போட்ரும். அந்தக் கணக்குல வியாழன் மத்தியானச் சோளம் வெள்ளிக்கெழம வெளிய வந்துருக்கணும். அப்ப இங்க இருந்தது நேத்து. தடமும் மேல போகுது. இந்நேரம் பாறையத் தாண்டி அந்தப் பக்கம் எங்கயோ கெடக்கான்."

"அப்ப ஏறுவோம்" என்றான் இதாயத்.

"ஆனா ஈரம் இருக்கு. வண்டு வரல. ஈ மட்டுந்தான் மொய்க்குது. பார்வைக்கு இன்னைக்குப் போட்டது மாதிரி இருக்கு."

"நேத்தா, இன்னைக்கா?"

"அதாண்டா புரியலன்னு சொல்றேன்."

மேலே ஏறினால் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. கீழே தேடினால் மேலே போக நேரம் இருக்காது. இரண்டில் ஒன்றுதான். ஏறலாம் என்றது சடையனின் இருபது வருட அனுபவம். ஏறாதே என்றது அவர் கண். இதாயத் அழுதுவிடுவான்போல நின்றான்.

தவமணி பாறையில் உட்கார்ந்தாள். சென்டரில் வாரத்துக்கு இரண்டு பேருக்காவது பேரியம் கொடுப்பாள். சுண்ணாம்புத் தண்ணிபோல வெள்ளையாக இருக்கும். குடிக்கவைத்து, அரை மணிக்கு ஒரு படம். உள்ளே அந்த வெள்ளை எங்கே நிற்கிறது என்று படத்தில் தெரியும். ஐந்து வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோயாளிகள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எப்போது வெளியே வரும்?

"இதாயத், உன் ஜெராக்ஸக் குடு."

புதையல் வரைபடத்தின் நகல் அவனிடம் ஒன்று இருந்தது. தவமணி அதைத் திருப்பி, காலியாக இருந்த பின்பக்கத்தில் பேனாவால் ஒரு குழாய் வரைந்தாள். மேலே வாய், கீழே பை, பைக்குக் கீழே சுருண்டு சுருண்டு ஒரு கயிறு, கயிற்றைச் சுற்றித் தலைகீழாக ஒரு லாடம்.

"இங்க பாருங்கண்ணே. இது இரப்ப. ரெண்டு மூணு மணி நேரம் வச்சுக் கடையும். அப்புறம் சிறுகுடல், இருவது அடி இருக்கும். சத்து பூரா உறியறது இங்கதான். அதுலயும் அஞ்சாறு மணி நேரம். இது வரைக்கும் வெரசாத்தான் போகும். பேரியம் குடிச்ச ஆளுக்குச் சாயங்காலத்துக்குள்ள இதெல்லாம் தாண்டிரும்." பேனாவை லாடத்தில் வைத்தாள். "பெருங்குடல் வெறும் அஞ்சடி. ஆனா இதுலதான் வண்டி நிக்கும். தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி, ஒரு நாள், ரெண்டு நாள்கூட. மறுநாள் படம் எடுத்தாலும் வெள்ள இங்கயே உக்காந்திருக்கும்."

"கரடிக்கு?"

"கரடிய நான் படம் எடுத்ததில்ல. சோளத்தோல நம்ம வயித்துல கரைக்க எதுவும் கெடையாது, போனது போன மாதிரி வரும். அதத்தான் இப்ப பாக்குறோம். கேள்வி நேரந்தான். என் தம்பிக்கு எவ்வளவு நேரம்னு காலையிலயே பாத்தோமே. பீட்ரூட் புதன் ராத்திரி. வந்தது வெள்ளி விடியகாலம். ஒன்றரை நாள். சோளம் வியாழன் மத்தியானம். ஒன்றரை நாள் கூட்டுங்க."

இதாயத் விரல் விட்டு எண்ணினான். பாதியில் தப்பு விட்டு மறுபடி எண்ணினான். "வெள்ளி மத்தியானம் ஒரு நாள். அப்புறம் அரை... வெள்ளி நடுராத்திரி. இல்ல, அதுக்கும் மேல. அவன் விடிஞ்சுதான் போவான். அப்ப இன்னைக்குக் காலையில."

"இன்னைக்குக் காலையில இங்க உக்காந்திருக்கான்" என்றாள் தவமணி. "தடம் மேல போனது நேத்து. போயிட்டுத் திரும்பிட்டான். இங்கதான் எங்கயோ இருக்கான்."

"திரும்புனவன் ஏன் வீட்டுக்கு வரல?" என்றார் சடையன்.

அதற்கும் அவளுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் பிடிக்கவில்லை. "வலிப்பு வந்தா அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அவனுக்கு எதும் தெரியாது. எந்திரிச்சு நடப்பான். எங்க போறோம்னு தெரியாது. முந்தி மூடிட்டுப் போனவன் இங்க மூடாமப் போயிருக்கான்."

அவள் கணக்கு தப்பென்றால், தம்பி மலைக்கு அந்தப் பக்கம் மழையில் கிடப்பான். இவர்கள் இங்கே புதரை விலக்கிக்கொண்டிருப்பார்கள்.

"உன் தம்பி, தாயி. நீ சொல்லு" என்றார் சடையன்.

"கீழ தேடுவோம்."

இடது கிளையைப் பிடித்து இறங்கினார்கள். புத்தி தெளியாதவன் ஏற மாட்டான், இறக்கத்தில்தான் போவான் என்றார் சடையன். இருநூறு அடியில் ஒரு பெரணி ஒடிந்திருந்தது. அவர் தண்டைத் தொட்டு விரலை முகர்ந்தார். "சாறு காயல." அப்புறம் ஓடவே ஆரம்பித்தார். பாசிப் பாறையில் வழுக்கி, எழுந்து, மறுபடி ஓடினார். தவமணியின் முட்டி கிழிந்தது. இதாயத் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தான். அட்டையை அவன் மறந்துபோயிருந்தான்.

பள்ளத்தின் அடியில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் சுருளிவேல் உட்கார்ந்திருந்தான். நாக்கைக் கடித்து உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. மடியில் துருப்பிடித்த தகரப் பெட்டி. மூவரையும் பார்த்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"டோக்கன் வாங்கணுமா?" என்று கேட்டான்.

"என்னடா?"

"எக்ஸ்ரேக்கு."

தவமணி அவன் எதிரில் உட்கார்ந்தாள். மாத்திரையை வெளியே எடுத்தாள், கொடுக்கவில்லை. தெளியாத ஆளுக்கு வாயில் எதைப் போட்டாலும் மூச்சுக்குழாய் வழியே போகலாம். தொண்டையில் இரண்டு வழிக்கும் ஒரே வாசல். விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாயின் மூடி சரியாக விழ வேண்டும்.

"உன் பேரு என்ன?"

யோசித்தான். "சொல்ல மாட்டேன்."

"வீட்டுல ராத்திரி என்ன பொரியல்?"

நெடுநேரம் யோசித்தான். மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது. சடையன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், யானை வரும் நேரம்.

"பீட்ரூட்" என்றான். பிறகு, "உப்பு கம்மி."

ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். இருமவில்லை. இன்னொரு மடக்கு. தொண்டை மேலே ஏறி இறங்கியதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மாத்திரை.

"போயிருச்சா? நடக்கலாமா?" என்றான் இதாயத்.

"இப்பத்தான் வயித்துக்குப் போயிருக்கு. அங்க கரைஞ்சு, சிறுகுடலுக்குப் போய், ரத்தத்துல ஏறணும். ஒரு மணி நேரமாவது ஆகும். அது வரைக்கும் இன்னொரு வலிப்பு வரலாம்."

யாரும் காத்திருக்கவில்லை. இதாயத் குனிந்தான், சடையன் தூக்கிவிட்டார், சுருளிவேல் அவன் முதுகில் ஏறினான். வியாழக்கிழமை வராதவன் சனிக்கிழமை அவனை ஊற்று வரை சுமந்தான். நடுவில் ஒருமுறை சுருளிவேலின் கை துடித்தது. எல்லோரும் நின்றார்கள். குளிரில் நடுங்கியதுதான். இன்னொரு வலிப்பு வரவில்லை.

ஊற்றில் அவனுக்கு முழு நினைவு வந்தது. முதலில் பெட்டியைக் கேட்டான். சடையன் அரிவாளால் பூட்டைத் தட்டினார். உள்ளே மக்கிய துணியில் சுற்றிய எட்டுக் கண்ணாடிப் புட்டிகள். தவமணி ஒன்றின் சீட்டைத் துடைத்து ஆங்கிலத்தைப் படித்தாள். இன்னொன்றையும் படித்தாள். எல்லாம் ஒன்றுதான்.

"என்னக்கா? தங்கபஸ்பமா?"

"விளக்கெண்ண. பேதிக்குக் குடுக்குறது. துரை இல்ல, எஸ்டேட் டாக்டரு பெட்டி."

சுருளிவேல் புட்டியை வாங்கிக் குலுக்கினான். உள்ளே எண்ணெய் பிசினாகக் கெட்டியாகியிருந்தது.

"இத நீ முன்னாடியே குடிச்சிருந்தா" என்றாள் தவமணி, "கணக்கே தப்பாயிருக்கும். உன்னத் தேடி மலையேறிருப்போம்."

நன்றாக இருட்டிவிட்டது, ஆனால் மழை பிடிப்பதற்குள் சாவடிக்கு வந்துவிட்டார்கள். வனவர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சடையன் தவமணியைப் பார்த்தார், தவமணி கூரையைப் பார்த்தாள். கடைசியில் வனவர் 'தடயம்' என்று ஒற்றை வார்த்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். மாத்திரை இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை என்று சுருளிவேல் சொன்னான். அக்கா நம்பவில்லை, இருந்தாலும் அட்டையிலிருந்து ஐந்து மாத்திரை பிய்த்து அவன் சட்டைப்பையில் போட்டாள்.

கிளம்பும்போது சடையன் தயங்கினார்.

"தாயி, அந்த வரைபடம் எனக்கு வேணும்."

இதாயத் சிரித்தான். "பெட்டிதான் எடுத்தாச்சேண்ணே. இனிமே குகையில என்ன இருக்கு?"

"குகை கிடக்கட்டும்" என்றார் சடையன். தாளை வாங்கித் திருப்பினார். குழாயும் பையும் கயிறும் லாடமும் இருந்த பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மழை படாமல் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.