வரிசையின் கடைசி

ஏரிக்கரை வீட்டின் கதவு திறந்ததும் கணவன் சன்னலுக்குப் போனான். கொழுந்தன் கட்டிலுக்குப் போனான். மகள் தண்ணீரைப் பார்க்க ஓடினாள்.

அவள் சமையலறைக்குப் போனாள்.

அவள் மருத்துவமனைச் செவிலி. இரவுப்பணி மேல் இரவுப்பணி பார்த்துச் சேர்த்த விடுப்பு இது. விடுமுறை என்று பெயர்; அடுப்பு மட்டும் வேறு ஊர் அடுப்பு!

அங்கே ஈரச் சாம்பலின் நாற்றம் அடித்தது. பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீடு என்றார்கள். ஆனால், ஆணியில் மாட்டியிருந்த பாத்திரம் இறக்கும் பழைய கைப்பிடித் துணியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏன் என்று எண்ணிப்பார்க்க அவளுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? வெயில் தாழ்வதற்குள் காட்டுப்பாதையில் இறங்கியாக வேண்டும் என்பது கணவனின் கட்டளை.

வரிசையை வகுத்தவனும் அவனே. தொலைநோக்கியோடு அவன் முதலில், அடுத்துத் தம்பி, அதன்பின் மகள், தண்ணீரும் பழமும் மருந்தும் எல்லோருடைய மேற்சட்டைகளும் திணித்த பையைச் சுமந்தபடி அவள் கடைசியில்.

"நான் 'கடைசி?'ன்னு கேப்பேன். நீ 'இருக்கேன்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்குமா?"

"வீட்லயே பாக்காத மனுஷன், காட்டுலயா பாக்கப் போறாரு அண்ணி?" என்று கொழுந்தன் சிரித்தான்.

முன்னால் போனவர்கள் புள்ளிமானைக் கண்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் நீர்நாய்கள் குட்டிகளோடு நீந்துவதைக் கண்டார்கள். அவள் கண்டது கரையில் வந்து சாகும் அலையை.

"கடைசி?"

"இருக்கேன்."

அது என்ன கேள்வி? ஆள் நலமா என்ற கேள்வியா, பொதி கீழே விழுந்துவிடவில்லையே என்ற கேள்வியா? பன்னிரண்டு ஆண்டு இல்வாழ்க்கையில் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத வாய், இன்று அவளுக்குச் சூட்டிய பெயர் 'கடைசி'!

வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தருகே அவள் பையை இறக்கினாள், உட்கார்ந்தாள். கேட்கட்டும். பதில் வராமல் போகட்டும். ஒரே ஒரு முறை அந்தக் கழுத்து திரும்பட்டும்!

மகளின் சிவப்புச் சட்டை வளைவுக்கு அப்பால் மறைந்தது.

"கடைசி?"

அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கேன்."

அவளுடைய குரல். அதே களைப்பு, அதே சலிப்பு. ஆனால் அது வந்தது வளைவுக்கு அப்பாலிருந்து.

சில்வண்டுகள் ஒருசேர ஓய்ந்தன. பாதையெங்கும் ஈரச் சாம்பலின் நாற்றம்.

தொலைவில் மீண்டும், "கடைசி?"

"இருக்கேன்."

அவனுக்கு அது போதும். பதில் வந்தால் சரி. பதில் சொன்னவள் யாராக இருந்தால் என்ன?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கடைசி ஆளுக்கு முன்னால் நடப்பவள் மகள்.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். வளைவைத் தாண்டியதும் மூவரின் முதுகும் தெரிந்தது. மகளுக்குப் பின்னால் எவரும் இல்லை. ஆனால் மகளின் ஒரு கை பின்னோக்கி நீண்டிருந்தது. எதையோ பற்றியதுபோல் விரல்கள் மடங்கியிருந்தன.

பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பனிக்கட்டியாய்க் குளிர்ந்து நனைந்திருந்தது.

மகள் முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தாள்: "இப்பத்தாம்மா உன் கை சூடா இருக்கு."

"ஏய், தடதடன்னு வராத! மான் ஓடிடும்," என்றான் கணவன், அப்போதும் கண்ணிலிருந்து தொலைநோக்கியை எடுக்காமல்.

"நான் அங்க மரத்துக்கிட்ட உக்காந்திருந்தேன். உங்களுக்குப் பதில் சொன்னது யாரு?"

"நீதான். உளறாத."

"பாத்தீங்களா?"

"காதால கேட்டேன்ல!"

"கேட்டீங்க. பாத்தீங்களான்னு கேக்குறேன்!"

காடு அதிர்ந்தது. அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை.

"திரும்புறோம். பிள்ளை என் கையில. தம்பி, நீ எனக்குப் பின்னால. பையத் தூக்கிக்கிட்டு நீங்க கடைசி."

மரத்தடியில் பை கிடந்தது. அதன்மேல், சமையலறை ஆணியில் தொங்கிய ஈரத் துணி ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கணவன் அதை விரல் நுனியால் தள்ளிவிட்டுப் பையைத் தோளில் ஏற்றினான்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சிறிது தூரம் நடந்ததும் அவள் கேட்டாள்:

"கடைசி?"

"இருக்கேன்."

பெண் குரல்.

அவள் உடனே திரும்பிப் பார்த்தாள். கொழுந்தனுக்குப் பின்னால் கணவன் நின்றான். முகத்தில் இரத்தமில்லை. உதடுகள் இறுக மூடியிருந்தன. தோளில் தொங்கிய பையின் வார், பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் விறைத்திருந்தது.

"திரும்பிப் பாருங்க," என்றாள்.

பன்னிரண்டு ஆண்டுகளாகத் திரும்பாத கழுத்து, இப்போதும் திரும்பவில்லை.

அவன் காதுக்கு மிக அருகில், எவரும் கேட்காமலேயே, அது மீண்டும் சொன்னது:

"இருக்கேன்."