யார் போட்ட நாலு?

அக்காவுக்கு ராணுவ அதிகாரிப் பயிற்சியில் அது கடைசி ஆண்டு. ஒரு வார விடுமுறைக்கு வந்தபோது பெட்டியோடு ஒரு தாளையும் கொண்டுவந்தாள். அதில் ராணுவத்தின் ஆறு பிரிவுகளின் பெயர்கள் இருந்தன. தனக்கு எது முதலில் வேண்டும், எது கடைசி என்று பென்சிலால் எண் போட்டு, செவ்வாய்க்கிழமை தபாலில் அனுப்ப வேண்டும்.

ஞாயிறு மாலை அவள் எண் போட்டபோது தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கை ஐந்தாம் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பூனை தும்மினால்கூட ஏன் என்று விசாரிப்பாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

பாலம் கட்டுகிற, மண்ணில் புதைந்த வெடிகளை எடுக்கிற பொறியாளர் படைக்கு அக்கா ஒன்று போட்டாள். சாப்பாடும் துணியும் அனுப்பிவைக்கிற வழங்கல் பிரிவுக்கு நாலு. தாளை உறைக்குள் வைத்தாள். உறையை இன்னும் ஒட்டவில்லை.

திங்கள் மாலை, அக்கா குளிக்கப் போயிருந்தாள். பூதக்கண்ணாடி தாளை மெல்ல இழுத்துப் பார்த்தாள். சும்மா, இன்னொரு முறை பார்க்கத்தான். பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது.

பொறியாளர் படைக்கு நாலு. வழங்கலுக்கு ஒன்று.

அக்கா மனதை மாற்றிக்கொண்டாளா? குளித்துவிட்டு வந்தவளிடம், பொறியாளர் படைக்கு ஒன்றுதானே என்று நைசாகக் கேட்டுப் பார்த்தாள். ஒன்று என்றால் ஒன்றுதான், அதில் என்ன சந்தேகம் என்று அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அடுத்த சந்தேகம் அம்மா மேல். வழங்கல் பிரிவு என்றால் கிடங்கில் பத்திரமாக இருக்கலாமே என்று போன வாரம் சொன்னது அம்மாதான். நாலாம் வாய்ப்பாடு மறந்துபோனது என்று பூதக்கண்ணாடி நோட்டை நீட்டினாள். அம்மா சந்தேகப்படாமல் எழுதிக் கொடுத்தாள். அம்மாவின் நாலு, தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி மாதிரி மேலே திறந்திருந்தது. அக்காவின் நாலும் அப்படித்தான். தாளில் இருந்ததோ மேலே மூடிய நாலு. அக்கா போட்ட ஒன்றின் மேலேயே யாரோ இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

மிச்சம் இருந்தது அப்பா. அவராக இருக்க முடியாது. அப்பா தையல்காரர். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், என் மகள் பாலம் கட்டப் போகிறாள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறவர். ஆனாலும் சந்தேகம் என்றால் சந்தேகம்தான். தாளை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருந்த அப்பாவின் கடைக்குப் போனாள்.

அளவு நோட்டு மேசை மேல் கிடந்தது. தோள் பதினாலு. இடுப்பு முப்பத்துநாலு. எல்லாமே மூடிய நாலு.

அவள் தாளை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தையல் இயந்திரம் நின்றது.

"நான்தான்," என்றார் அப்பா. "வெறும் பாலம் கட்டுற வேலைன்னு நெனச்சுட்டேன். வெடி எடுக்கறதும் அவங்கதான்னு காலைல கோட்டு தைக்க வந்தவர் சொன்னாரு. அதுக்கப்புறம் ஊசில நூலே கோக்க முடியல. மத்தியானம் சாப்பிட வந்தப்ப மாத்திட்டேன்."

"பயமா இருக்குன்னு அக்காகிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா?"

"எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுட்டு, இப்ப எப்படிச் சொல்றது?"

பூதக்கண்ணாடி யோசித்தாள். அக்காவிடம் போட்டுக்கொடுத்தால் வீட்டில் பெரிய சண்டை வரும். தானே அழித்துத் திருத்தினால் அப்பாவின் பயம் அப்படியே இருக்கும். பையிலிருந்து அழிரப்பரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார். அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் முகம் சிவந்தது. தன் வாழ்க்கையை யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றாள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் தட்டில் சோறு அப்படியே இருந்ததைப் பார்த்ததும் அக்காவின் குரல் இறங்கியது.

"வெடி எடுக்கறப்ப, ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி அவ்ளோ நேரம் மண்ணைப் பாக்கணும்பா. எனக்கும் பயம்தான். பயப்படாதவங்கள அங்க சேத்துக்கறதே இல்ல."

அப்பா நிமிர்ந்தார். மெல்லக் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். அப்போது என்ன உடுப்பு போடுவார்கள்? அதில் எத்தனை அடுக்கு? ஒற்றைத் தையலா, இரட்டைத் தையலா? அக்காவுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல் என்றார் அப்பா, கண்டிப்பாக.

அப்பாவே அழித்த இடத்தில் அக்கா அழுத்தமாக ஒன்று போட்டு, வழங்கலுக்கு மறுபடி நாலு போட்டு உறையை ஒட்டினாள். செவ்வாய் காலை அதை அப்பாவிடமே நீட்டினாள்.

"நீங்களே போட்டுட்டு வாங்கப்பா."

அப்பா செருப்பை மாட்டுவதற்குள் பூதக்கண்ணாடியும் கிளம்பிவிட்டாள். வழி முழுக்க அவர் கையிலிருந்த உறையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்பா அதைத் தபால் பெட்டிக்குள் போட்டார்.

"இப்பவாவது நம்பறியா?"

அவள் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"விழுந்த சத்தம் கேட்டுச்சு," என்றாள். "நம்பறேன்."