நாலாம் கட்டிலின் நாடி

ராஜகிரி மலைக்கே நாடி பார்த்தவர் கம்பவுண்டர் சாந்திராஜ். பாறைமேல் கட்டைவிரலை வைத்து எண்ணினாராம்: நிமிஷத்துக்கு மூன்று, மழைக்காலத்தில் நாலு! செஞ்சியில் இதை நம்பாமல் சிரித்த ஒரே ஆள், அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் தைலம்மாள்.

"கட்டவெரலுக்கே துடிப்பு இருக்குது கம்பவுண்டரே. மலைக்கு ஏது? உங்க நாடியத்தான் எண்ணிக்கினு வந்திருக்கிறீங்க. மூணு வெரல வெச்சுப் பாக்கணும்."

அறுபத்துநாலாம் வருஷம், சித்திரை மத்தியானம். வெளியே பாறைகள் கொதித்தன. பினாயிலும் ஸ்பிரிட்டும் மணக்கும் அந்த நீள அறையில் நாலாம் கட்டிலைச் சுற்றி மட்டும் கிணற்றடிக் குளிர் நின்றது, ஓர் ஈகூட அந்தப் பக்கம் போகவில்லை. அதில் படுத்திருந்த வல்லத்துப் பெரியதம்பியின் அட்டையில் மூன்று நாளாக நாடி ஒரே எண், எழுபத்திரண்டு. சாந்திராஜே கட்டைவிரலால் எண்ணி எழுதியது. தைலம்மாள் சொன்னது இப்போது உறுத்தியது.

நாக்குக்கடியில் வைத்த தர்மாமீட்டரில் பாதரசம் ஏறவில்லை. உதறி மறுபடி வைத்தார். ஏறவில்லை. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். கடிகார முள் ஒரு சுற்று வந்தது.

ஒன்றுமில்லை.

பெரியதம்பி கண்ணைத் திறந்தான். தர்மாமீட்டரைக் கடித்தபடியே, "கெடைக்கலியா சார்? அந்த வெரல வையி. பழகுன வெரலு."

அவர் வைக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் ஒட்டியது. அதில் துடித்தது அவர் நாடி. எழுபது. ஐம்பது. இழுத்தார், வரவில்லை. அவன் கை சூடேறியது. பாதரசம் ஏறியது.

"மூணு நாளா கொஞ்சங் கொஞ்சமா குடுத்தே. மீதியும் குடு."

பன்னிரண்டு. மூன்று. மலையைப் போல. பிறகு அதுவுமில்லை.

பெரியதம்பி எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வல்லம் பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

"தைலம்மா, எனக்குப் பாரு," என்று சாந்திராஜ் மணிக்கட்டை நீட்டினார்.

"இன்னா, மலை எறங்கி வந்துட்டுதா?" சிரித்துக்கொண்டே மூன்று விரல்களை வைத்தாள். சிரிப்பு நின்றது. கழுத்தில் தேடினாள். மறுபடி மணிக்கட்டில். பதற்றத்தில், தான் கேலி செய்த அதே தப்பைச் செய்தாள்.

கட்டைவிரல்.

துடித்தது. எண்பத்தாறு. சாந்திராஜின் கை சூடேறியது. இனித்தது. பசித்தது.

"வெரலு வர்லண்ணா. விடுங்க!"

"எண்ணு தைலம்மா."

அறுபது. முப்பது. அவள் உதடு வெளுத்தது. பத்து.

"மூணு..." என்றாள், கண் தரையைப் பார்த்திருக்க. "கீழ மலையும் கூடவே துடிக்குதுண்ணா. நீங்க எண்ணுனது நெசந்தான்."