இருளப்பசாமி பொட்டலில் போன இரட்டைவடம்

காலை ஆறு மணி. சுபத்ரா ஜமுக்காளத்தின் கிழக்கு ஓரத்தைத் தூக்கி, கம்பத்தை ஒட்டியிருந்த கரிசல் வெடிப்புக்குள் கையை விட்டாள். கை வெறும் மண்ணோடு வந்தது. பக்கத்து வெடிப்பிலும் விட்டுப் பார்த்தாள். அங்கேயும் மண்தான்.

"அடி ஆத்தி! என் இரட்டைவடத்தக் காணோமே!"

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில், கருவேலங்காட்டைத் தாண்டினால் இருளப்பசாமி கோயில் பொட்டல். மாசிக் களரித் திருவிழாவுக்குப் பங்காளிகள் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். முன்பு இஷ்டத்துக்கு அடித்தார்கள். இடத்துக்காக மண்டையும் உடைந்தது. இப்போது கமிட்டி வைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. பத்துக்குப் பத்து அடி சின்ன இடம், முந்நூறு ரூபாய். இருபதுக்குப் பதினைந்து பெரிய இடம், எண்ணூறு. அண்ணன் தம்பியே ஆனாலும் கோடு கோடுதான்.

சுபத்ராவின் கணவன் ராம்குமாருக்குச் சென்னையில் பெயிண்ட் கடை. இந்த வருஷம் ஆன்லைனில் பெரிய நைலான் டென்ட்டு வாங்கி வந்திருந்தான். எட்டுப் பேர் கால் நீட்டிப் படுக்கலாம். முன்னால் தரையில்லாத ஒரு தாழ்வாரம் வேறு. மேற்கே தண்ணீர் லாரி வரும் பாதை. கிழக்கே காளீஸ்வரியின் இடம். அவள் புருஷன் தவசியும் பங்காளிதான், பந்தல்குடியில் லோடு ஏற்றுகிறவன். நாலு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும்தான் அவர்கள் கூடாரம். ஆனாலும் மகளுக்குக் காது குத்து, சொந்தபந்தம் வரும் என்று பெரிய இடமே எடுத்திருந்தார்கள்.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரம். கூட்டத்துக்குப் பயந்து சங்கிலியைக் கழற்றிய சுபத்ரா, அதைச் சுருக்குப் பையில் போட்டு, தாழ்வாரத்துக் கிழக்கு மூலை வெடிப்பில் திணித்து மண்ணைத் தள்ளினாள். நிமிர்ந்தால் வாசலில் காளீஸ்வரி. "அக்கா, தீப்பெட்டி இருக்கா?" வாங்கிக்கொண்டு போனாள். பிறகு சுபத்ராவும் மற்றவர்களும் பூசைக்குப் போய்விட்டார்கள்.

பார்த்தது அவள் ஒருத்திதானே? காலையில் சுபத்ராவின் வாயில் அந்தப் பெயர்தான் வந்தது.  காளீஸ்வரி அத்தனை பங்காளிகளுக்கும் முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறிக் காட்டினாள்.

"இன்னொருக்க உதறு," என்றாள் சுபத்ரா.

காளீஸ்வரி இன்னொருமுறையும் உதறினாள். எதுவும் விழவில்லை. ஆனாலும் வாய் நின்றதா? நிற்கவில்லை.

கமிட்டித் தலைவர் ஐயாத்துரை தீர்த்துச் சொல்லிவிட்டார். "திருட்டுப் பேரு தீராம இந்தப் பொட்டல்ல காது குத்து நடக்காது." ஒன்பது மணிக்கு நேரம் குறித்திருந்தது. ஆசாரி ஊசியோடு வந்து காத்திருந்தார். மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் தலையைக் குனிந்து நின்றான். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது.

ஏழே கால். பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. பாலாமணி ஒரு ஏட்டோடு வந்தார். டென்ட்டைச் சுற்றிவந்த ஏட்டின் பூட்ஸ் சுபத்ராவின் பொங்கல் அடுப்பை நெருங்கியதும் ஐயாத்துரை பதறினார்.

"ஏய்யா, அடுப்ப மிதிச்சுறாதீக! பொங்குன கல்ல சாமி பெட்டி ஊருக்குத் திரும்புற வரைக்கும் யாரும் அசைக்கக்கூடாது. எங்க கொலத்து வழக்கம்."

பாலாமணி குனிந்து அந்த மூன்று கல்லையும் பார்த்தார். பிறகு காளீஸ்வரியின் அடுப்பையும் போய்ப் பார்த்தார். அதற்கும் சுபத்ராவின் டென்ட்டுத் துணிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"நேத்து இதுலயா பொங்கல் வச்சீக?"

"ஆமா மேடம்," என்றாள் காளீஸ்வரி.

"நைலான் துணி. பொறி பட்டா என்னாகும்?"

காளீஸ்வரி வாயைத் திறந்தாள். ஐயாத்துரையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ராத்திரி எங்க படுத்தீக?"

"பிள்ளைக உள்ள. நானும் அவுகளும் வெளிய."

"பெரிய எடம் எடுத்துட்டு வெளியவா?"

"எடம் பத்தல மேடம்."

ஏட்டு, "ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிரலாமா மேடம்?" என்று கேட்டார். "பொறுங்க" என்று பாலாமணி சுபத்ராவிடம் திரும்பினார்.

"சாயங்காலம் டென்ட்டுல யாரு இருந்தது?"

"இவுக மட்டும்தான்," என்று கணவனைக் காட்டினாள். "பூசைக்கு வரல, தலைவலின்னாக."

ராம்குமார் தாழ்வாரத்தின் நடுவில் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பொட்டலே திரண்டு மண்ணைக் கிளறியபோதும் அவன் எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்தும் எழுந்திருக்கவில்லை. பாவம், மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் சுபத்ரா நினைத்திருந்தாள்.

"பொங்கல் வைக்கும்போது எங்கம்மா உக்காந்திருந்தீக?"

"அடுப்புக்குப் பின்னால, வாசலுக்கு நேரா. உள்ள பிள்ளைக வெளையாடுறதப் பாத்துக்கிட்டேதான் கிண்டுனேன்."

"இப்ப அதே மாதிரி உக்காருங்க."

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே சுபத்ரா அடுப்புக்குப் பின்னால் குந்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். வாசல் இல்லை. எதிரே டென்ட்டின் மேற்கு ஓரக் கம்பம் நின்றது. அதைத் தாண்டினால் தண்ணீர் லாரிப் பாதை.

"என்னம்மா தெரியுது?"

சுபத்ரா கையை நீட்டிக் காட்டினாள். "வாசல்... வாசல் அங்கிட்டுப் போயிருக்கு."

"அடுப்பு நகராது. அது உங்க சாமி சட்டம். அப்ப நகந்தது எது?"

பாலாமணி தாழ்வாரத்துக்குள் வந்தார்.

"ராம்குமார் சார், கொஞ்சம் எந்திரிங்க."

அவன் அசையவில்லை.

"எந்திரிய்யா!" என்றார் ஐயாத்துரை.

எழுந்தான். ஏட்டு ஜமுக்காளத்தைச் சுருட்டினார். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு வெடிப்பு. அதன் வாயில் மண் தள்ளிய தடம். பாலாமணி இரண்டு விரலை விட்டுச் சுருக்குப் பையை எடுத்தார். இரட்டைவடம் பத்திரமாக உள்ளே இருந்தது.

"நீங்க வச்ச எடத்துலதாம்மா இருக்கு. சங்கிலி அங்கேயே கெடந்துச்சு, டென்ட்டு நகந்துருச்சு. மூலையில வச்சது நடுவுக்கு வந்துருச்சு. கரிசக்காடு, மூலைக்கு மூலை வெடிப்பு. பூசை முடிஞ்சு இருட்டுல வந்து படுத்தீக, புது மூலையிலயும் ஒரு வெடிப்பு இருந்துச்சு, அதனால உங்களுக்குச் சந்தேகமே வரல." ஐயாத்துரையைப் பார்த்தார். "இவரு எந்த எடத்துக்குக் கட்டுனாரு?"

"சின்ன எடத்துக்கு," என்றார் ஐயாத்துரை. "நேத்துச் சாயங்காலமே நான்தான் வந்து சொன்னேன். டென்ட்டு பாதையில நிக்குது, லாரி வரணும்; மிச்சம் ஐந்நூறக் கட்டு, இல்லைன்னா பாதைய விடுன்னேன். சரி சித்தப்பான்னான்."

"பாதைய விட்டுட்டாரு. ஆளில்லாத நேரமாப் பாத்து, யாரோ ரெண்டு பயலுகளக் கூப்புட்டு டென்ட்ட அப்படியே கெழக்கே இழுத்து முளையடிச்சிருக்காரு. பழைய கோட்டக் காலால தேச்சுட்டு வேற கோடு போட்டிருக்காரு. தொட்டுப் பாருங்க, இது சுண்ணாம்பு இல்ல, கோலப்பொடி. கடுகு போன எடத்த எல்லாரும் ஆராஞ்சீக. பூசணிக்கா போனது ஒருத்தர் கண்ணுலயும் படல. இங்க திருட்டு நடந்தது நெசம்தான். எடத்தத் திருட்டுக் குடுத்தது காளீஸ்வரி."

சுபத்ரா கணவனைப் பார்த்தாள். "மூலையில வச்சேன்னு நான் கத்துனப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

ராம்குமார் தரையைப் பார்த்தான். "அப்பதான் உறைச்சுச்சு. எல்லாரும் போகட்டும், நானே எடுத்து, கெடச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்னு..."

"அவ சேலைய உதறும்போது பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி முந்தானையை உதறிக்கொண்டு நின்றது; பாவம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட, 'இன்னொருக்க உதறு' என்ற தன் குரல் காதுக்குள்ளேயே நின்று கொன்றது. அதை அவன் சொல்லச் சொல்லவில்லையே, அவள்தானே சொன்னாள்?

"ஏம்மா, எடம் சுருங்குனது தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று பாலாமணி காளீஸ்வரியைக் கேட்டார்.

"சாமி எடம்தான மேடம். ஒரு பாய் அகலத்துக்கு என்னத்தப் போயி சண்ட போட? காலையில சொல்லியிருந்தா, களவ மறைக்க எடத்த இழுக்கான்னு சொல்லியிருப்பாக."

எட்டரை மணிக்கு ஐயாத்துரை, "பிள்ளையக் கொண்டாங்கப்பா" என்றார். அவர் குரலும் தணிந்துதான் இருந்தது. ராம்குமார் ஐந்நூறு ரூபாயை நீட்டியபோது அவர் கையை நீட்டவே இல்லை. சுபத்ரா யாரையும் கூப்பிடவில்லை. கிழக்குப் பக்கத்து முளைகளைத் தானே பிடுங்கினாள். கரிசல் விடாமல் பிடித்துக்கொண்டது, உள்ளங்கை கிழிந்தது. அரண்மனை போல நின்ற டென்ட்டின் கிழக்குப் பாதி சரிந்ததும், அதை மேற்கே மடித்துப் போட்டாள். காளீஸ்வரியின் அடுப்பைச் சுற்றி மறுபடி இடம் திறந்தது.

ஒன்பது மணிக்குப் பிள்ளை வீறிட்டு அழுதது. காது குத்தியாகிவிட்டது. காளீஸ்வரி தாம்பாளத்தில் காப்பரிசி எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்துவந்தாள். யாரையும் விடவில்லை. சுபத்ராவின் பக்கமும் வந்தாள். கிழிந்த உள்ளங்கையில் ஒரு பிடி வைத்தாள்.

"காளீசு, நான் பேசுனது தப்பு. பெரிய தப்பு," என்றாள் சுபத்ரா. கண்ணீர் காப்பரிசியில் விழுந்தது. "வெயிலா இருக்கு. உள்ள வந்து ஒரு நிமிசம் உக்காரு."

காளீஸ்வரி, ஐயாத்துரை மறுபடி போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப்புறமே நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா பேசுவதைப் போலத்தான் சொன்னாள்.

"இருக்கட்டும்க்கா. உள்ள வந்தா, போகும்போது சேலைய உதறிக் காட்டிட்டுல்ல போகணும்."

தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போனாள்.