இடிக்க ஆளில்லாத அருவி

குற்றாலப் பேரருவி அன்றைக்கு நாற்பது பேருக்குத்தான் சம்மதித்திருந்தது. அந்த நாற்பதில் இரண்டு பேர் மகிழனும் அவர் மனைவி தன்ஷிகாவும். விண்ணப்பித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒன்பதே வருஷத்தில் கிடைத்துவிட்டதே என்று பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவே வயிறெரிந்தது.

2084இல் எல்லோர் தோளெலும்புக்கு அடியிலும் கடுகளவில் ஒரு பகிர்மணி இருந்தது. நடந்த தூரம், உடம்புச் சூடு, தலையில் தேய்த்த எண்ணெய் வரை ஒன்றுவிடாமல் பொதுத்தரவகத்துக்குச் சொல்லிவிடும். மலையின் பாறைகளிலும் அதேபோல மணிகள் பதித்திருந்தார்கள். இரண்டு பக்கத்துச் சேதியையும் கேட்டுக்கொண்டு, இன்று எத்தனை கால்களை மலை தாங்கும் என்று தரவகம் சொல்லும். அதனால்தான் மலை பிழைத்தது. ஓடையில் மீன்கள் திரும்பி வந்தன. வாய்க்கு வந்தபடி குறை சொல்கிறவர்கள்கூட இதில் குறை சொல்ல வழியில்லை.

உண்மையைச் சொன்னால் மகிழன் தேடி வந்தது அருவியை அல்ல, ஒரு குரலை. மகள் செவ்வாய்க் குடியிருப்புக்குப் போனதிலிருந்து தன்ஷிகா பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். கேட்டால் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கல்யாணமான வருஷம் ஆடிச் சாரலுக்கு இங்கே வந்தபோது அவள் இப்படியா இருந்தாள்? எண்ணெய் வழுக்கும் கூட்டத்தில், பெண்கள் பக்கத்தில் அவள் போட்ட சண்டை ஆண்கள் பக்கம் வரை கேட்டது. "ஏட்டி, எங்கால ஏன் மிதிக்க?" என்று கத்திவிட்டு, மறுநொடி அவளே சிரித்தாள். நாற்பத்தாறு வருஷமாக அந்தச் சிரிப்பை மகிழன் மறக்கவில்லை.

பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். ஆண்கள் பக்கம் அவர் மட்டும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

"எப்படி இருந்துச்சு தனு?" என்றார் வெளியே வந்ததும்.

"நம்ம வீட்டு பாத்ரூம் மாதிரி. தண்ணி கொஞ்சம் கூட" என்றாள்.

வாசலில் நின்ற காவல் எந்திரன், "மனநிறைவு எப்படி ஐயா?" என்று கேட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இடிக்கதுக்கு ஒரு ஆளு இல்லையேப்பா."

எந்திரன் அதைத் தரவகத்துக்கு அனுப்பியது. ஆறு வருஷமாக வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தார்கள். தரவகத்துக்கு ஒருவழியாக விஷயம் பிடிபட்டது.

மறுவருஷம் திருநெல்வேலிக்கு வெளியே 'நெரிசலருவி' திறந்தார்கள். நாற்பதடி சிமெண்டுச் சுவர், சுற்றிச் சுற்றி வரும் மோட்டார்த் தண்ணீர். ஆள் வரம்பு கிடையாது, எண்ணெய்க்குத் தடை கிடையாது. நான்கு மணி நேரம் வரிசையில் நின்று இருவரும் உள்ளே போனார்கள். முன்பின் தெரியாத முதுகுகளுக்கிடையே மகிழன் நசுங்கிக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியிலிருந்து வந்தது: "யாரும்மா அது, மூஞ்சிலயா முழங்கைய வைப்பாங்க? கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?"

பிறகு அந்தச் சிரிப்பு. மகிழன் சிமெண்டில் கையூன்றி அழுதேவிட்டார்.

அதன்பிறகு வாராவாரம் வந்தார்கள். ஊரே வந்தது. ஒருநாள் எந்திரன் ஒன்று வரிசை நெடுகிலும் சொல்லிக்கொண்டே போனது: "குற்றாலத்தில் இன்று நாற்பது இடமும் காலி. நல்ல சாரல், சுத்தமான தண்ணீர். காத்திருக்க வேண்டியதில்லை. யாராவது வருகிறீர்களா?"

மகிழனுக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. தன்ஷிகா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, ஒருத்தர்கூடப் போகலைங்கான். அப்போ அங்க என்னமோ கோளாறு இருக்கும்லா?"

பின்னால் நின்ற எழுநூறு பேரும் தலையாட்டினார்கள்.